பெயர் எழுதாத துண்டு

"பெயர் எழுத வேண்டாம். யார் எழுதியது என்று எவருக்கும் தெரியவராது" என்று நான் வாக்களித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை. மல்லாவிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர் அறையில், பதினோராம் தர மாணவர்கள் எழுதித் தந்த துண்டுகளை மேசையில் பரப்பி வாசித்துக்கொண்டிருந்தேன். உளவளத்துணை உத்தியோகத்தராக அது எனக்கு இரண்டாம் வருடம். போதைப்பொருள் பற்றிப் பேசப் போனால், முதலில் பிள்ளைகளின் கேள்விகளை வாங்கிவிட்டு அதன் பின்பே பேசுவது என் வழக்கம்.

தேநீர் கொண்டுவந்த வகுப்பாசிரியை ஒரு துண்டைக் கண்டதும் நின்றுவிட்டார். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து வாயில் அதக்கும் மாவாவைப் பற்றியது அது: "மாவா போடாட்டில் தலை இடிக்குது. சோதினைக்கு முதல் விட ஏலுமோ?"

"இது நிரோஜன்ரை எழுத்தெல்லே. அஞ்சு வருசமா அவன்ரை கொப்பி திருத்துறன், எனக்குத் தெரியாதே?"

கொப்பி திருத்துகிறவருக்குக் கையெழுத்தே பெயர் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. "ரீச்சர், இதைப் பாக்கேல்லை எண்டு நினையுங்கோ" என்று கெஞ்சினேன்.

"அவன் மாணவத் தலைவன், மிஸ். நாளைக்கு வெளியிலை வந்தா என்ரை தலைதான் உருளும்" என்றவர் அதிபரிடம் போனார். சென்ற தவணையில் மாவாவோடு பிடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவன் திரும்பி வரவேயில்லை.

நிரோஜனை வீட்டுக்கு அனுப்பவேண்டாம் என்ற என் வேண்டுகோளுக்கு அதிபர் பாதிதான் இரங்கினார். அவன் தலைவர் சின்னத்தைக் கழற்ற வேண்டும். வியாழன்தோறும் என்னிடம் வரவேண்டும். ஒரு வியாழன் தவறினாலும் பாடசாலைக்கு வரக்கூடாது.

முதல் வியாழன் நூலகத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "தம்பி, தந்த வாக்கை நான் காப்பாத்தேல்லை. துண்டுகளை ஆசிரியர் அறையிலை விரிச்சது என்ரை பிழை."

அவன் சற்று யோசித்தான். "வேறை ஆரின்ரையும் எழுத்தைப் பிடிச்சவையோ, மிஸ்?"

"இல்லை."

"அப்ப சரி." பிறகு குரலைத் தணித்தான். "அது என்ரை கேள்வி இல்லை. கேட்டவன், தன்ரை எழுத்தை ரீச்சர் பிடிச்சிடுவா எண்டு பயந்தவன். தலைவன்ரை எழுத்தெண்டா ஆரும் சந்தேகப்படாயினம் எண்டு நான் எழுதிக் குடுத்தனான்."

எனக்குத் தோன்றாதது அவர்களுக்கு முன்பே தோன்றியிருந்தது.

"அதிபரிட்டை நான் சொல்லட்டே?"

"சொன்னா, 'அப்ப ஆர்?' எண்டுதானே கேப்பார். அவனை வீட்டை அனுப்பினா தேப்பன் வயலிலை இறக்கிப்போடுவார், மிஸ். சோதினை அதோடை முடிஞ்சுது." ஒரு கொப்பியை விரித்தான். "நீங்கள் பதிலைச் சொல்லுங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

இரகசியம் காத்தல் பற்றி நான் பல நூல்கள் படித்திருந்தேன். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று அதைத் தோளில் சுமந்து என் முன்னே இருந்ததை அன்றுதான் கண்டேன். முதல் சில நாட்களே கடினம், ஆசை எழும்போது பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம், முடியாவிட்டால் வைத்தியசாலையில் உதவி உண்டு என்று சொன்னேன். அவன் ஒரு சொல் விடாமல் எழுதினான்.

அடுத்த வியாழன் யன்னலால் ஒருவன் எட்டிப் பார்த்தான். "என்ன, மாவாத் தலைவர், மருந்து குடிச்சாச்சோ?"

"ஓம், உனக்கும் ரெண்டு கரண்டி தரட்டே?" என்ற நிரோஜன், அவன் போனதும் என் பக்கம் திரும்பினான். "கேள்வி கேட்டவன் மூண்டு நாள் விட்டவனாம், மிஸ். நாலாம் நாள் போட்டிட்டு அழுதவன்."

"அந்த மூண்டு நாளும் வீணில்லை. திரும்பத் தொடங்கச் சொல்லுங்கோ. வீட்டிலை உங்களுக்கு என்ன மாதிரி?"

"அம்மா என்னோடை கதைக்கிறேல்லை" என்றான்.

ஐந்தாம் வியாழன் அவனோடு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். அந்தக் கொப்பி நால்வரிடமும் போய்வந்திருந்தது. ஒருவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"இவன் போடுறேல்லை, மிஸ். போடுறது நாங்கள். அதிபரிட்டை நாங்களே சொல்லப்போறம். நீங்கள் கூட வருவியளோ?"

"வேண்டாமெண்டு சொன்னனான், கேக்கிறாங்களில்லை" என்றான் நிரோஜன்.

அதிபர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எழுந்து, ஐந்து கதிரைகளைத் தாமே இழுத்துப் போட்டார். "இருங்கோ. உன்ரை கொம்மாட்டை நானே வந்து கதைக்கிறன், நிரோஜன்" என்றார். ஐவரும் பரீட்சை எழுதினார்கள்.

இப்பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காக்க முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். தவறிவிட்டால், அந்தப் பிள்ளையிடமே முதலில் போய்ச் சொல்லுங்கள். நான் சொல்லியிராவிட்டால், அவன் அந்தக் கொப்பியை என் முன் விரித்திருக்கமாட்டான்.