முதுகைக் காட்டி உட்கார்ந்த சுந்தரி

காலை ஐந்தே கால். பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இரண்டு பஸ்கள் எங்களை ஏற்றாமலே போய்விட்டன. எங்களை என்றால் என்னையும் சுந்தரியையும். சுந்தரி நான்கு வயது லாப்ரடார். அதன் சிவப்புச் சட்டையில் ‘வேலையில் இருக்கிறேன், தொடாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்தவர்கள்தான் முதலில் தொடுகிறார்கள்.

மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர், “கண்ணு தெரியாதுங்களா?” என்று கேட்டார்.

“தெரியும்ங்க. கூட்டத்துல எனக்கு மூச்சு அடைக்கும், கை நடுங்கும். அப்ப இது பக்கத்துல இருக்கணும். டாக்டர் லெட்டர் இருக்கு.”

அவர் அதை வாங்கவில்லை. “பாத்தா நல்லாத்தான இருக்கீங்க?” என்றார்.

இந்த நோய் வந்த மூன்று வருடமாக இதே கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கடைசி சீட்டு, இரண்டு டிக்கெட் என்று முடிவாயிற்று. பக்கத்தில் இருந்தவர் போலீஸ் நாய் என்று நினைத்தாரோ என்னவோ, மஞ்சள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு சமயபுரம் வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

போகிற காரியம் இதுதான். அம்மா இறந்தது அமாவாசையில். அதனால் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துத் திதி கொடுக்க எனக்கு வழியில்லை. போன வருடம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து, அம்மா பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேன் என்று தோன்றி, எழுந்து ஓடிவிட்டேன். பிண்டம் இலையிலேயே கிடந்தது. அவளுக்கு ஒரே பிள்ளை நான். சுந்தரி என்னிடம் வந்தது அதற்குப் பிறகு.

ஏழு மணி. நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆறு கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய். மண்ணச்சநல்லூர்க்காரரான டிரைவர், “நாய்க்கு ஒரு அம்பது சேத்துக் குடுங்க சார்” என்றார். பேரம் பேசத் தெம்பில்லை. கொள்ளிடம் பாலத்தில் சுந்தரி காற்றுக்கு மூக்கை நீட்டியது.

“இது என்ன வேல சார் செய்யும்?”

“எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சா முட்டியில கால வைக்கும். அப்புறம் மேல சாஞ்சுக்கும். அந்தக் கனத்துல மூச்சு நிதானத்துக்கு வந்துரும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

அந்த அவ்வளவுக்காகத்தான் இப்படி ஒரு நாயைத் தேடி நான் அத்தனை அலைந்தேன்.

ஏழரை. அம்மா மண்டபத்தில் வரிசை வரிசையாக வாத்தியார்கள், ஈர வேட்டிகள், எள்ளும் வாழையிலையும். படித்துறையில் நாலு தெரு நாய்கள் தம் பாட்டுக்குப் படுத்திருந்தன. அவற்றை யாரும் ஏனென்று கேட்கவில்லை. சட்டை போட்ட நாய்தான் எல்லார் கண்ணையும் உறுத்தியது.

போன வருடத்து வாத்தியாரே அகப்பட்டார். “நாய் பார்க்கப்படாது. பார்த்தா பித்ருக்கள் ஏத்துக்கமாட்டா. தூரக் கட்டிட்டு வாங்கோ.”

“கட்டுனா என்னால உக்கார முடியாதுங்க சாமி. போன வருஷம் பாதியில ஓடுனது நான்தாங்க.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவர் முகத்திலும் களைப்புதான்.

“பார்க்கப்படாதுன்னுதானே சாஸ்திரம். அந்தண்டை, தெருவைப் பாத்து உக்காரச் சொல்லுங்கோ. உக்காருமோ?”

உட்கார்ந்தது. நான் ஆற்றைப் பார்த்து, என் பின்னால் சுந்தரி தெருவைப் பார்த்து.

கோத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். “விஷ்ணு கோத்ரம்னு சொல்லிக்கோங்கோ. அம்மா பேர்?”

கை நடுங்கி எள் சிந்தியது. சுற்றிலும் மந்திரக் குரல்கள், மூச்சு அடைத்தது. போன வருடம் ஓடிய அதே இடம். முட்டியில் கால் வைக்கச் சுந்தரி முன்னால் இல்லை. என் கையை அது பார்க்கவும் முடியாது. ஓடிவிடுவேன் என்றே நினைத்தேன்.

அப்போது முதுகில் கனம் இறங்கியது. சுந்தரி தன் முழு எடையையும் சாய்த்திருந்தது. திரும்பாமலே அதற்கு எப்படித் தெரிந்ததோ. அதன் மூச்சு ஏறி இறங்குவது காவிரியில் முங்கிவந்த என் ஈர முதுகில் தெரிந்தது. அதன் கூடவே நானும் மூச்சு விட்டேன்.

வாத்தியார் அதைப் பார்த்தார். நாய் தொட்டால் தீட்டு என்று அவருக்குத் தெரியாதா? பார்வையை இலைக்குத் திருப்பிக்கொண்டு, “அவசரமில்லை. மெதுவாச் சொல்லுங்கோ” என்றார்.

“ராசாம்பாள்” என்றேன்.

ஒன்பது மணி. பிண்டத்தைக் காவிரியில் கரைத்துவிட்டுக் கிளம்பினோம். டோல்கேட்டில் மறுபடியும் கடைசி சீட்டு, இரண்டு டிக்கெட், கண்ணு தெரியாதுங்களா. சுந்தரி என் காலடியில் தூங்கிப்போனது.

ஊரில் அம்மா இருந்தவரை எந்த நாயும் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. ஏறினால் துடைப்பம் பறக்கும். பாலத்தைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு, அவளிடம் மனதுக்குள் சொன்னேன்: அது பார்க்கலம்மா. எனக்கு முதுகு மட்டும்தான் குடுத்துச்சு.