ஓடக்காரன் பாட்டைப் பாடியவருக்கு

"...அந்தப் பாட்டதான அவ கேட்டுக்கினே இருந்தா. போடச் சொல்லு மாப்ள. இன்னிக்காவது போடச் சொல்லு."

சொன்னவர் என் மாமியார். என் அப்பாவின் தங்கை. அதனால் எனக்குப் பிறந்ததிலிருந்தே அத்தை. அவருடைய மகள், என் மனைவி, கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தாள். பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. வாசல் வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு, நடையில் செட்டை வைத்துக்கொண்டு அவலூர்பேட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். ரேடியோ செட் வைத்துப் பிழைக்கிறவன் வீட்டிலேயே சாவு விழுந்தால் அவன் தன் கையால் செட் போடக் கூடாது, பக்கத்து ஊர்க்காரர்தான் வந்து போட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். அத்தை கேட்ட அந்தப் பாட்டின் இசைத்தட்டு அவரிடமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் அது இல்லாத செட்டே கிடையாது. ஆனாலும் அவர் காலையிலிருந்து அதை எடுக்கவில்லை. வேறு எதையெதையோ போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஆற்றங்கரையில் நிற்கும் ஒருவர் ஓடக்காரனைக் கூப்பிடும் பாட்டு அது. இருட்டப் போகிறது, என்னை அந்தக் கரையில் சேர்த்துவிடு என்று கேட்கும். பாடியவர் பெரிய பாடகர் இல்லை. அவர் படம் போட்ட நோட்டீஸைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கு வேண்டியவர் ஒருவரின் குரல் போலிருக்கும். லேசாகக் காய்ந்த குரல். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பது தட்டில் அப்படியே விழுந்திருக்கும். நல்ல பாடகர்கள் அதை மறைத்துவிடுவார்களாம். அவர் மறைக்கவில்லை. எனக்கு அந்த மூச்சுக்காகவே அவரைப் பிடித்தது.

எப்போதோ அனந்தபுரத்தில் ஒரு பெரியவர் இறந்தபோது, அவருக்குப் பிடித்த பாட்டு என்று பிள்ளைகள் இதைப் போடச் சொன்னார்கள். அந்தக் கரை என்றதும் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு இன்னும் அழுகை வந்தது. அடுத்த சாவு வீட்டிலும் கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டில், இது இல்லாவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்றே ஆகிவிட்டது. ஒரு தட்டு சாவு வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அது கல்யாண வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. பெட்டியில்கூட அதைத் தனியாகத்தான் வைப்போம். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவோம்.

செஞ்சி பஜாரில் என் கடைக்குப் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் பார்த்த பாய் சொல்லுவார்: "நீ பாட்டா போடுற? ஊருக்கு ஆஜர் எடுக்கற. உன் கொழாய் பாடுனா, யாரு இல்லன்னு எல்லாரும் எண்ணிப் பாக்குறான்."

டீக்கடைக்காரர் அதற்கும் மேலே: "பாத்து பாய், ஒரு நாளிக்கி நம்ம பேரையும் கூப்புட்டுருவான்."

கோட்டை மலைப் பக்கம் குழாயைத் திருப்பிக் கட்டினால் பாட்டு பாறையில் பட்டு, கொஞ்சம் பிந்தி, இன்னொரு தடவை வரும். அந்தப் பாட்டுக்கு மட்டும் அப்படி வரக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். செத்தவர் இரண்டு பேர் ஆகிவிடுவார்களாம். நானும் பார்த்துத்தான் கட்டுவேன்.

இதையெல்லாம் என் மனைவி ஒத்துக்கொள்ளவே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் தட்டுகளைத் துடைத்து வைக்கும்போது இதைக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து மாவரைக்கும்போதும் இதுதான், தண்ணீர் எடுக்கும்போதும் இதுதான். அந்த மூச்சு வரும் இடத்தில் இவளும் மூச்சை இழுப்பாள். எங்களோடேயே இருந்த அத்தை காதில் விழுந்தால் தொலைந்தது.

"சாவுப் பாட்ட அடுப்பாங்கரையில பாடுறியேடி. ஊடு வெளங்குமா?"

"இது சாவுப் பாட்டுன்னு யாருமா உனக்குச் சொன்னது? அந்தக் கரையில ஒருத்தி நிக்கிறா. பொண்ணு வர்றாளான்னு பாத்துக்கினு நிக்கிறா. இது அம்மா ஊட்டுக்குப் போற பாட்டு."

"பாட்டுல அம்மான்னு எங்கடி வருது?"

"வராட்டி போவுது. இருட்டுற நேரத்துல அவசரப்பட்டுக்கினு வேற யார் ஊட்டுக்குப் போவாங்க?"

 ஆனாலும் அத்தையின் முணுமுணுப்பு நிற்காது.

பல வருஷம் இல்லாமல் இருந்து அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. வளைகாப்புக்கு நாள் பார்த்தபோது அவள் கேட்டது புடவை இல்லை, பலகாரம் இல்லை. "மாமா, வளையல் போடறப்ப அந்தப் பாட்டு ஒரு தரம் போடு" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அத்தை காதுக்கு விஷயம் போனதும் வீடு இரண்டுபட்டது. எந்தச் சுமங்கலியும் படியேற மாட்டாள், வந்தாலும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள் என்றார். அதில் பொய் இல்லை. போகத்தான் போவார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. "பாடுனவரையே கேட்டுருவோம். இது நல்ல பாட்டுதான், நல்லதுக்குதான் பாடுனேன்னு அவரு கையால ஒரு வரி எழுதிட்டா, நீ மைக்குல படிச்சிக் காட்டு. அப்ப எவ எந்திரிச்சிப் போறான்னு பாக்கலாம்."

எனக்கு அது சரியாகப் பட்டது. சரியாகப் பட்டது என்பதைவிட, அவருக்கு எழுத ஒரு காரணம் கிடைத்ததே என்று உள்ளுக்குள் சந்தோஷம். எத்தனையோ தடவை எழுத நினைத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். எழுத்துக்கூட்டப் பழகியதே தட்டின் உறையில் இருப்பதையும் சினிமா போஸ்டரையும் பார்த்துத்தான். உறையின் மூலையில் கம்பெனியின் மெட்ராஸ் விலாசம் பொடி எழுத்தில் இருந்தது. பாய் தன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அதைப் படித்துச் சொன்னார். "கம்பெனிக்கு எழுது. சுத்தி சுத்தியாவது அந்தாளு கைக்குப் போவும்" என்றார்.

எழுத உட்கார்ந்தோம். "மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு" என்று போட்டதும், "ஐயான்னா தாசில்தாருக்கு எழுதுற மாதிரி இருக்குது. அண்ணன்னு போடு" என்றாள். போட்டேன். அப்புறம் எனக்கு நிற்கவில்லை. உங்கள் பாட்டுப் போடும்போது கரண்ட் குறைந்தால் தட்டு மெதுவாகச் சுற்றும், உங்கள் குரல் இறங்கிக்கொண்டே போகும், அப்போது உங்களுக்கு உடம்பு சரியில்லாதது போல எனக்குப் பதைப்பாக இருக்கும், கரண்ட் ஏறி நீங்கள் பழையபடி பாட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும் என்று எழுதினேன். அவள் அதை இன்னொரு தடவை படித்தாள். "இதெல்லாம் எனக்குக் கூட நீ சொன்னதில்ல மாமா" என்றாள்.

அடுத்த வரிதான் வம்பு. எங்கள் பக்கம் உங்கள் பாட்டுக் கேட்காமல் ஒரு பிணமும் வாசலைத் தாண்டுவதில்லை என்று எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்த வரைக்கும் ஒரு பாட்டுக்காரனுக்கு அதைவிடப் பெரிய பேர் இல்லை. அவள் பதறிப்போனாள்.

"அட, இத எழுதுவாங்களா? நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி அனுப்பப் போற கடுதாசி. அதுல போயி பொணம் கிணம்னு."

"எழுதாட்டி இன்னாத்துக்குக் கேக்குறோம்னு அவருக்கு எப்பிடி தெரியும்?"

"பாடுறவருக்குத் தெரியாதா? பக்குவமா எழுது."

பக்குவமாக எழுதினேன். வேறு தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன். சில இடங்களில் மட்டுமே தங்கள் பாட்டைப் போட விடுகிறார்கள், என் மனைவியின் வளைகாப்பிலும் போடலாம் என்று தாங்கள் ஒரு வரி எழுதி அனுப்பினால் அவள் மனம் குளிரும். இப்படி. எங்கே போடுகிறார்கள் என்று கடைசி வரை சொல்லவில்லை. அவள் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தாள். தபால்பெட்டி வரைக்கும் அவளே நடந்து வந்து, உள்ளே விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினாள்.

அப்புறம் தபால்காரர் வரும் நேரமே எங்கள் வீட்டுக்கு நேரமானது. அவர் தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிடுவார். "உங்க பாட்டுக்காரரு இன்னும் தூங்குறாரு போல, அக்கா" என்று கேலி செய்வார். "பாடிக் களைச்சிருப்பாரு, தூங்கட்டும்" என்பாள் இவள்.

வளைகாப்பு நாள் வந்தது. கடிதம் வரவில்லை. விடியலிலிருந்து சாமி பாட்டும் கல்யாணப் பாட்டுமாகப் போட்டேன். வளையல் ஏற்றும்போது, இரண்டு கன்னத்திலும் சந்தனத்தோடு, அவள் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள். வரட்டும் என்று கையைக் காட்டினேன். அவளும் சரி என்று தலையை ஆட்டினாள். அன்று சாயங்காலம், "பேரு வெக்கிற அன்னிக்குப் போட்டுக்கலாம் மாமா. அதுக்குள்ள வந்துரும்" என்றாள். அதற்காக அவள் முகம் வாடவில்லை. இன்னொரு நாள் கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தாள்.

அந்த நாள் வரவில்லை. மாதம் நிரம்புவதற்குள் வலி வந்தது. ஜீப்பில் வைத்துக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அத்தையும் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்த நர்ஸ் எங்களில் யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். இதற்கு மேல் அதை என்னால் எழுத முடியாது.

பதில் வராமல் போகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்தது. தபால்காரர் கேலி எதுவும் பேசாமல், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து கொடுத்தார். ஒரு கார்டுதான். கையெழுத்து கோணல்மாணலாக, என்னுடையதைப் போலவே இருந்தது. நான் பாடி வந்த தட்டுகளைப் பற்றி யாரும் எனக்கு எழுதியதில்லை, கம்பெனிக்காரர்கள் தாமதமாகக் கொடுத்தார்கள், கரண்ட் குறைந்தால் நீங்கள் பதைப்பதாக எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன் என்று எழுதியிருந்தார். அந்தப் பாட்டை எதற்காகப் பாடினேன் என்று இப்போது நினைவில்லை, அன்று பாடிய சில பாட்டுகளில் அதுவும் ஒன்று, எந்த இடத்தில் வேண்டுமானாலும் தாராளமாகப் போடுங்கள் என்று இருந்தது. கடைசியில், என்னை அண்ணன் என்று எழுதிவிட்டீர்கள், அதனால் கேட்கிறேன், தங்கைக்குப் பிள்ளை பிறந்ததும் மறக்காமல் ஒரு வரி போடுங்கள் என்று முடித்திருந்தார்.

பல தடவை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன பக்குவமாக எழுதினாலும் அதை எழுத முடியவில்லை. அந்த நல்ல மனிதர் பதிலுக்காகக் காத்திருந்தாரோ என்னவோ. அவரிடம் தபால்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று கூடத்தில் அவள் கிடந்தபோது பதில் எதுவும் வந்திருக்கவில்லை. அத்தை மறுபடியும், "போடச் சொல்லு மாப்ள" என்றார். வந்திருந்த பெண்கள் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவலூர்பேட்டைக்காரர் தட்டை உறையிலிருந்து எடுத்துவிட்டார். போடவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் அத்த" என்றேன்.

"ஏன்? நான்தான் சொல்றேனே. நான்தான வேணாம்னது. இப்ப நான்தான் சொல்றேன்."

"கொழாய்ல போட்டா ஊரே கேக்கும். ஊரு கேட்டா சாவுப் பாட்டுதான் அது. அவ ஒரு நாளும் அத அப்டி கேக்கல. நான் எப்டி போடச் சொல்லுவேன்?"

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் கையூன்றி எழுந்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு நடைக்குப் போனார். செட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு பொத்தானைத் தொட்டதில்லை. "மரத்துக்குப் போற ஒயரு எது?" என்று அவலூர்பேட்டைக்காரரைக் கேட்டார். அவர் காட்டினார். குழாய் இல்லாவிட்டால், பாட்டு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் செட்டோடு வைத்திருக்கும் சின்னப் பெட்டியில் மட்டும்தான் கேட்கும். அது வீட்டு வாசலைத் தாண்டாது. அத்தை அந்த ஒயரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பிடுங்கினார். சின்னப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் ஒயர் எட்டும் மட்டும் கூடத்துக்குள் வந்து, மகளின் காதுப் பக்கமாக வைத்தார்.