சித்திரை வெயிலில் படுத்துவிட்ட சோலார்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருவில் நடந்தது இது. அதற்கு நான்கு மாதம் முன்புதான் மொட்டை மாடியில் சோலார் தகடுகள் போட்டிருந்தேன். போடுவதற்கு முன் கையில் கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்தேன். போட்ட பிறகு, படித்ததையெல்லாம் கையில் கிடைத்தவர்களிடம் சொன்னேன். முடி வெட்டுகிறவர் என் தலையைப் பிடித்து நேராக வைத்தது வெட்டுவதற்காகத்தானா, பேச்சை நிறுத்துவதற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் பயன்படுத்தியது போக மிச்ச மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். இது எனக்குள் ஒரு வள்ளல் தன்மையை வளர்த்துவிட்டிருந்தது. எதிர்வீட்டு மிக்ஸி ஓடினால்கூட, நம்ம கரண்ட் என்று மனதுக்குள் ஒரு பூரிப்பு.

பக்கத்து வீட்டு அக்கா கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார், மகள் வெளிநாட்டில். அவருக்கு நுரையீரல் கெட்டு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின் துணையோடுதான் மூச்சு. மெஷின் ஓட கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் தாங்குவதற்கு அவர் வீட்டில் ஒரு பழைய இன்வெர்ட்டர் இருந்தது. அதன் பேட்டரி வயதாகிப்போய், கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது. புது பேட்டரி சொல்லப் போகிறேன் என்றார் ஒரு நாள்.

"எதுக்குக்கா வீணா? நான் எதுக்கு இருக்கேன்? பகல்ல கரண்ட் போனா நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. சூரியன் இருக்கிற வரைக்கும் உங்களுக்குக் கவலையே இல்ல" என்றேன் நான்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விடைத்தாளில் பதில் சரியாக இருந்து, வழி மட்டும் எழுதாத மாணவனை அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். "சரி தம்பி" என்றார். பேட்டரி வாங்கவில்லை.

பிறகு எங்கள் தெருவில் பழைய வெற்றுக் கம்பிகளை எடுத்துவிட்டு உறை போட்ட கேபிள் மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. காற்றடித்தால் கம்பிகள் உரசித் தெருவே இருட்டாகும் தொல்லை இனி இருக்காதாம். அதற்காக ஒரு நாள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. தெருவே முகம் சுளித்தது. நான் மட்டும் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

அன்று எட்டரைக்கே அக்காவை அழைத்து வந்துவிட்டோம். மெஷின், மூக்குக்குழாய், கணக்குப் புதிர்ப் புத்தகம் ஒன்று, அவசரத்துக்கென்று அவர் வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், எல்லாம் எங்கள் ஹாலுக்கு வந்தன. அந்தப் பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும்கூடத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார் அக்கா. "இது எதுக்குக்கா, எனக்கு அவமானமால்ல இருக்கு?" என்று கேட்டேன். "இருக்கட்டுமே" என்றார்.

ஒன்பது அடித்தது. கரண்ட் போனது. அதோடு எங்கள் வீட்டிலும் ஃபேன் நின்றது. அக்காவின் மெஷின் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது.

எனக்குப் புரியவில்லை. மாடிக்கு ஓடினேன். வெயில் கண்ணைக் குத்தியது. தகடுகள் பளபளவென்று, வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தன. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. கீழே வந்தால், சோலார் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு. ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். திரும்ப அணைத்துப் போட்டேன். தட்டியும் பார்த்தேன்.

அதற்குள் என் மனைவி மெஷினைப் பழைய இன்வெர்ட்டரில் சொருகியிருந்தாள். அது பன்னிரண்டு நிமிடம் ஓடி, முனகி, நின்றது. சிலிண்டரைத் திறந்தோம்.

"இது எவ்வளவு நேரம்கா வரும்?"

"மெதுவா வச்சா ஒன்றரை மணி நேரம்" என்றார் அக்கா. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஏன் தம்பி, சூரியனுக்கு இன்னிக்கு லீவா?" என்றார். குரல் கேலியாகத்தான் இருந்தது. ஆனால் புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

சோலார் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். வண்டியில் போய்க்கொண்டிருந்தார்.

"சார், தெருவுல கரண்ட் இருந்தாதான் உங்க சோலார் ஓடும்."

"தெருவுல கரண்ட் இருந்தா எனக்கு எதுக்குங்க சோலார்?"

"பில்லு குறையத்தான் சார். பேட்டரி வச்ச மாடல் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. தெருவுல இல்லன்னா இது தானா நின்னுடும். ஏன்னா, சார்..."

காவிரிப் பாலத்துக் காற்று காதில் இரைந்தது. இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அந்த 'ஏன்னா'வுக்கு அடுத்து என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. பாதி வாக்கியம் கிடைத்தால் மீதியைத் தானே எழுதிக்கொள்வான்.

நான் எழுதிக்கொண்டது இதுதான்: பெட்டிக்குத் தேவை, கரண்ட் இருக்கிறது என்கிற ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் நாமே ஊட்டினால் விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்டால் வெயில் பார்த்துக்கொள்ளும். பழைய இன்வெர்ட்டருக்குச் சற்று ஓய்வு கொடுத்து ஆன் செய்தால் ஐந்து நிமிடம் உயிர் காட்டியது. அந்த ஐந்து நிமிடக் கரண்டை வீட்டுச் சுவர் பிளக் வழியாக உள்ளே விட்டால் போதும்.

இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு ஒயர் தயார் செய்தேன். என் கையால் நான் ஒழுங்காகச் செய்து முடித்த முதல் மின்சார வேலை அது.

"ஏங்க, இதெல்லாம் சரியா வருமா? ஆட்டோ கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கே போயிடலாமே" என்றாள் மனைவி.

"பத்து நிமிஷம் கொடு" என்றேன். அந்தப் பத்து நிமிடம் அரை மணி நேரமாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அக்கா கவனித்துக்கொண்டிருந்தார். சிலிண்டரின் முள்ளைப் பார்த்து, புத்தக ஓரத்தில் பென்சிலால் ஏதோ கழித்துக்கொண்டிருந்தார்.

ஒரு முனையை இன்வெர்ட்டரில் சொருகினேன். மறு முனையைச் சுவரிடம் கொண்டு போனபோது கேட்டை யாரோ படபடவென்று தட்டினார்கள். மனைவி போய்த் திறந்தாள். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு, முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு ஈ.பி. லைன்மேன் உள்ளே வந்தார்.

"இந்த வீட்டுலதானே சார் தகடு போட்டிருக்கீங்க? ஒன்பது மணிக்கே வந்து காலிங் பெல்ல அழுத்தினேன். யாரும் வரல."

"கரண்ட் இல்லையே" என்றேன்.

"அது எனக்கும் இப்பதான் உறைச்சுது" என்றவர், என் கையைப் பார்த்தார். ஒயரின் வழியே அவர் கண் போய் இன்வெர்ட்டரில் நின்றது. அவர் சத்தம் போடவில்லை. மெதுவாக வந்து இன்வெர்ட்டரை அணைத்தார். என் கையிலிருந்து பிளக்கை வாங்கினார். பிறகு நேராக மீட்டர் பலகைக்குப் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். அதை நான் தொட்டிருக்கவே இல்லை.

"கொஞ்சம் வெளியே வாங்க சார்."

போனேன். தெரு முனைக் கம்பத்தில், இடுப்பில் கட்டிய பெல்ட்டில் சாய்ந்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் கம்பி. கம்பத்தின் அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"நீங்க சொருகியிருந்தா வீட்டோட நிக்காது சார். மீட்டரத் தாண்டி அந்தக் கம்பிக்குப் போகும். உங்க சோலார் தானா நிக்கிறதே அவருக்காகத்தான்."

"சோலார்தான் தானா நின்னுடுதே, அப்புறம் எதுக்கு வீடு வீடா வர்றீங்க?" தப்பு செய்தவனின் கடைசி அஸ்திரமாக ஒரு கேள்வி கேட்டேன்.

"சோலார் நிக்கும் சார். வீட்டுக்காரங்க நிக்க மாட்டாங்களே. நாங்க கம்பியத் தரையோட சேர்த்து எர்த் போட்டுட்டுத்தான் ஏறுவோம், இருந்தாலும் தகடு இருக்கிற வீட்டுல ஒரு தடவை கண்ணால பாத்துக்குவேன்."

நான் ஏதோ முணுமுணுத்து, ஹாலைக் காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்குக்குழாயோடு அக்கா. அப்போதுதான் லைன்மேனின் முகம் மாறியது.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றார் அக்கா, புத்தகத்தைப் பார்த்து.

"வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சார்? அடுத்த தெரு வேற டிரான்ஸ்ஃபார்மர். அங்க கரண்ட் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. எண்பதடி தூரத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நானோ, சூரியனிலிருந்து எட்டு நிமிடத்துக்கு மேல் பயணம் செய்து வரும் ஒளியை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தெருவில் பாலக்கரையிலிருந்து தினமும் வந்து ஜெராக்ஸ் கடை நடத்தும் பாய் ஒருவர் இருக்கிறார். லைன்மேன் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நானும் மனைவியும் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனோம். விஷயத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே பாய் லேமினேஷன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி இடம் கொடுத்தார். தன் நாற்காலியைத் தள்ளி, "உட்காருங்கம்மா, இன்ஷா அல்லாஹ் இங்க கரண்ட் போகாது" என்றார். என்னைப் பார்த்து, "சார் வீட்டுல சோலார் இருக்கே?" என்றார். தெரு முழுக்க நான் சொல்லியிருந்தேன், அடுத்த தெருவுக்கும் போயிருக்கிறது.

மெஷின் ஓடியது. அக்காவின் விரல்களில் நிறம் திரும்பியது. மாலை ஐந்து வரை அங்கேயே இருந்தார். ஆதார் நகல் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் சில்லறைக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாராம். மறுநாள் காலை முதல் வேலையாகப் புது பேட்டரி சொன்னார். "சூரியனையும் நம்பறேன் தம்பி. ஆனா வழியையும் எழுதணும்" என்றார்.

கேபிள் மாற்றிய அன்றே மாலை மோர் எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்குப் போனேன். லைன்மேன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மேலே இருந்தவர் அப்போதுதான் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே மோரை வாங்கிக் குடித்தார்.

"சார் வீட்டுலதான் தகடுன்னு சொன்னாங்க. எங்க வீட்டுலயும் போடலாம்னு பொண்ணு சொல்லுது. எப்படி சார், நல்லா ஓடுதா?"

நான்கு மாதமாக ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். ஒருவர் தானாக வந்து கேட்டது அதுதான் முதல் முறை. இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினேன்.

இப்போதும் பகலில் கரண்ட் போனால் அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. நான் பாட்டுக்கு மெயினை இறக்கிவிட்டு, வாசலுக்கு வந்து, எந்தக் கம்பத்தடியில் செருப்பு கிடக்கிறது என்று பார்க்கிறேன். அது அதன் சொந்தக்காரரின் காலில் மறுபடி ஏறும் வரை வியர்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான், சோலார் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே பாடம்.