கூப்பிட்டால்தான் உள்ளே வருவான்

“…அப்போ வூட்டுக்காரங்க வாயத் தொறந்து ‘வா’ன்னாதான் உள்ள கால வெப்பானா? பரவால்லியே. ரத்தம் குடிக்கிறவனா இருந்தாலும் மரியாத தெரிஞ்ச புள்ளையாத்தான் கீறான்,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா, இறால் உரித்தபடி.

வடசென்னை காலடிப்பேட்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன், கன்டெய்னர் யார்டில் வேலை. இங்கிலீஷை நடைபாதையில் விற்ற பழைய புத்தகங்களை வைத்து நானாகப் பழகிக்கொண்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், அந்தக் குவியலில் எதை உருவினாலும் வாம்பயர் கதையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண், வெளுத்துப்போன ஒரு பையன், கறுப்பு அட்டை. படித்ததை ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்குச் சொல்வேன். கதையைவிட அதற்கு அவர் சொல்லும் பதில்தான் எனக்குப் பிடிக்கும். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன்.

அட்டைப் படத்தைப் பார்த்ததும், “இன்னா நைனா, சோறு துன்னாதவனாட்டம் கீறான், ஒதட்டுக்கு மட்டும் சாயமா?” என்றார். அவருக்குத் தெரிந்த ரத்தக்காட்டேரிக்குப் பசி மட்டும்தான் உண்டு, காதல் கிடையாது. இவனோ காதலித்த பெண்ணுக்காக மனுஷ ரத்தத்தை விட்டவன், ஆட்டு ரத்தத்தில் காலம் தள்ளுகிறவன் என்றேன். “நாமகூடத்தான் வெங்காயம் போட்டு வதக்கித் துன்றோம். அதுக்கா இவ்ளோ சோகமூஞ்சி?” அவனுக்குப் பூண்டு வாசனை ஆகாது என்றேன். “அப்போ நம்ம வூட்ல பொண்ணு எடுக்க முடியாது.”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். பெண் எடுக்கிற பேச்சு அந்த வீட்டில் ஆகாது. நாலு மாதத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள், கூட வேலை செய்தவரை வீட்டில் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். ‘அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது, அவன்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேன்’ என்று அக்கா சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் அந்த மருமகன் பைக்கில் கொண்டுவந்து மனைவியை இறக்கிவிடுவார். அவள் திரும்பி வரும்வரை எதிர் டீக்கடை ஓரமாக நிற்பார்.

அன்றும் நின்றுகொண்டிருந்தார். மகள் அம்மாவோடு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ‘மரியாத தெரிஞ்ச புள்ள’ என்றது அவள் காதில் விழுந்தது.

“ஏம்மா, என் வூட்டுக்காரரும் நாலு மாசமா கூப்பிடாம உள்ள வராமத்தான் நின்னுகினு கீறாரு. ரத்தம் குடிக்கிறவனுக்கு ஒரு நாயம், அவருக்கு ஒரு நாயமா?”

“இறாலப் பாரு. நரம்பு எடுக்காம போட்டுகினு கீற.”

“அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல. அவர வெயில்ல நிக்க வெச்சிட்டு இங்க ஒக்காந்து துன்றதுக்கு எனக்கு மனசு ஒப்பல.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எழுந்து குழாயில் கையைக் கழுவினாள், செருப்பைத் தேடினாள். அவள் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்கா மகளைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்: “ஒருதபா கூப்ட்டுட்டா, அப்பால வேணான்னா போயிடுவானா?”

“போமாட்டான்க்கா. ஒருதபா கூப்ட்டா அப்புறம் எப்ப வேணா வருவான். இந்த புக்குல அப்டித்தான் போட்டுகீது.”

“பேஜாரான சட்டமா கீதே.” இன்னும் இரண்டு இறால் உரித்தார். “நீ போய் இட்டாந்துடு நைனா.”

“நான் கூப்ட்டா செல்லாதுக்கா. வூட்டுக்காரங்கதான் கூப்பிடணும்.”

நான் சமயம் பார்த்து இட்டுக்கட்டியதல்ல. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

மகள் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள். அக்கா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார், ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வாசலுக்குப் போனார். பேச மாட்டேன் என்று சொன்ன சொல்லை விடாமல், இரண்டு தடவை கை தட்டினார். எதிரே மருமகன் நிமிர்ந்தார். அக்கா விரல்களை உள்பக்கம் மடக்கி அழைத்தார். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உன்னத்தாம்பா. வா,” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, வழியை விட்டு ஓரடி நகர்ந்து நின்றார்.