கீழேயிருந்து மூன்று தட்டு

இது கதை இல்லை. என் வீட்டு ஷெட்டில், என் கண் முன்னால் நடந்தது. நம்பாதவர்கள் நேரில் வாருங்கள், சுவரில் இருக்கும் விரிசலைக் காட்டுகிறேன். அந்தச் சுவர் ஓரமாக மட்டும் போய் நிற்காதீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைக்காரன். அதுவும் செத்துப்போன ஒரு மனுஷன் மேல்.

என் மனைவிக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் கணவர் ஒரு விபத்தில் போய்விட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தாள். நானும் தோண்டித் துருவவில்லை. மனசுக்குள் அவருக்கு 'மூத்தவர்' என்று பெயர் வைத்திருந்தேன். மூத்த தாரம் என்று ஒருத்தி இருக்கலாம் என்றால் மூத்த கணவர் இருக்கக் கூடாதா? வீட்டில் எதைத் தொட்டாலும் மூத்தவர்தான். குழாய் சொட்டினால், "அவர் இருந்தா அஞ்சு நிமிஷத்துல பாத்துருவாரு." மிக்ஸி மக்கர் பண்ணினாலும் அதே பல்லவி. லேத் மெஷினில் மாட்டி அவருடைய வலது கை மோதிர விரல் பாதி போய்விட்டதாம். அந்தப் பாதி விரலைப் பற்றிக்கூட அவள் பாசமாகத்தான் பேசுவாள். எனக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. யார் கேட்டார்கள்?

எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கார். மூத்தவரின் பழைய டீசல் வண்டி. நல்ல உயரம், கீழே ஒரு ஆள் தாராளமாக நுழைந்து படுக்கலாம். சாவி எப்போதும் அவள் கைப்பையில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் ஷெட்டுக்குப் போய் ஸ்டார்ட் பண்ணுவாள். கொஞ்ச நேரம் ஓட விடுவாள். பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கம்பியை இழுத்து நிறுத்திவிட்டு இறங்கி வருவாள். அந்தக் காலத்து டீசல் வண்டி அப்படித்தான். ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் சாவி இல்லாமலே ஓடும், கம்பியை இழுத்தால்தான் நிற்கும். அவள் இறங்கி வரும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

ஒரு ஞாயிறு, 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனால் அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இதை நான் சரி செய்துவிட்டால்? ஒரு தடவையாவது, "நீங்க இருக்கீங்களே, போதும்" என்று சொல்ல மாட்டாளா? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாமே.

மெக்கானிக் தன் ஆளோடு வந்து ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு போனான். புது கார்பன் பிரஷ், புது புஷ் போட்டு, கறுப்பு பெயிண்டும் அடித்து வைத்திருந்தான். மறுநாள் சாயங்காலம் நானே போய் வாங்கினேன்.

"பெயிண்ட் இன்னும் காயல சார், பாத்துப் பிடிங்க. நாளைக்கு நானே வந்து மாட்டித் தரேன்."

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

"ஒரு ஆள் வேலை இல்ல சார் அது. ஒருத்தர் கீழ படுத்துத் தூக்கிப் பிடிக்கணும், ஒருத்தர் மேல நின்னு போல்ட் போடணும்."

"வீட்ல இருக்காங்களே. அவங்களுக்குப் பழக்கம்தான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையையே துடைக்க ஆரம்பித்தான்.

பழக்கம் என்று நான் சும்மா சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அவளே சொன்னதுதான். மூத்தவரும் அவளும் சேர்ந்து வண்டி வேலை செய்யும்போது பேசவே மாட்டார்களாம். கீழே இருப்பவர் ஸ்பேனரால் தட்டுவார். ஒரு தட்டு என்றால், 'பிடிச்சிட்டேன், விட மாட்டேன்.' இரண்டு தட்டு, 'கையை எடுத்துட்டேன்.' மூன்று தட்டு, 'ஸ்டார்ட் பண்ணு.' கீழே அவர், மேலே இவள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நாம ரெண்டு பேருமா மாட்டலாமா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாங்க. அந்த வேலை மட்டும் நீங்க செய்ய வேண்டாம்."

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கைப்பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். அவரோடு என்றால் கையில் கரி படலாம், என்னோடு என்றால் ஆகாதா?

அவள் தெருமுனை திரும்பியதும் ஷெட்டைத் திறந்தேன். இருட்டியிருந்தது. கார் சுவரைப் பார்த்து நின்றது. இடையில் ஒரு ஆள் நிற்கும் இடம்தான். சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு இடம் மட்டும் புதிதாகச் சிமென்ட் பூசியிருந்தது. அதை நான் அன்றுவரை கவனித்ததே இல்லை.

இடது பக்கக் கதவுக்குப் பூட்டு கிடையாது. அதைத் திறந்து கியரை ஆட்டிப் பார்த்தேன். நியூட்ரல். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். நன்றாக நினைவிருக்கிறது. சத்தியமாக நான் செய்தேன்.

பேட்டரி வயரைக் கழற்றி வைத்தேன். கீழே ஜாக்கி, அதன்மேல் கட்டை, கட்டைமேல் ஸ்டார்ட்டர். அதை இஞ்சின் வரைக்கும் உயர்த்தினேன். எழுந்து வந்து, சுவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து போல்ட்டை நுழைத்தேன். ஓட்டை சேரவில்லை. மறுபடி கீழே, மறுபடி மேலே. போல்ட் நழுவி எங்கோ உருண்டது. கட்டை விரல் நகம் பெயர்ந்தது.

கோபத்தில் கத்தினேன். "செத்தும் விட மாட்டியாய்யா நீ?"

ஷெட் அமைதியாக இருந்தது.

பிறகு... ஸ்டார்ட்டர் அசைந்தது.

மெதுவாக மேலே ஏறியது. கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியது. ஓட்டைகள் மூன்றும் கச்சிதமாகச் சேர்ந்தன.

டொக்.

ஒரு தட்டு.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மனசு கேட்காமல் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் கீழே நுழைந்திருக்கிறாள். எனக்காக!

"வந்துட்டியா? அப்படியே பிடிச்சுக்கோ."

பதில் இல்லை. பேச மாட்டார்களே... அதுதானே வழக்கம். நானும் பேசாமல் போல்ட்டுகளை முடுக்கினேன். வயரை மாட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

டொக். டொக்.

கையை எடுத்துவிட்டாள். பேட்டரியை இணைத்தேன். சாவிக்காக எதற்கு அவளை எழுப்புவது? மெக்கானிக் கடையில் பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் போதும், சுற்றும். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் குனிந்தேன்.

கேட் திறக்கும் சத்தம்.

நிமிர்ந்தேன்.

மணி ஒன்பதே கால். வாசலில் என் மனைவி. நர்ஸ் உடுப்பில், டியூட்டியிலிருந்து பாதியில் இப்போதுதான் வருகிறாள். தோளில் கைப்பை.

அப்படியென்றால் கீழே...

டொக். டொக். டொக்.

அவளுக்கும் கேட்டது.

"சுவத்துப் பக்கம் நிக்காதீங்க! வெளிய வாங்க!"

பக்கவாட்டில் பாய்ந்தேன். ஸ்க்ரூடிரைவர் கை நழுவி உள்ளே விழுந்தது. நீலப் பொறி.

இஞ்சின் உறுமியது. கார் ஒரே தாவலாகத் தாவியது.

சுவரில் மோதியது. நான் நின்ற இடத்தில். சிமென்ட் பூசியிருந்த இடத்தில்.

மோதியும் நிற்கவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தது...

அவள் ஓடிப்போய்க் கம்பியை இழுத்தாள். நின்றது. டார்ச் அடித்துக் கீழே பார்த்தேன். யாரும் இல்லை. ஜாக்கி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, கட்டை தனியாகக் கிடந்தது. வண்டிக்குள் பார்த்தேன். முதல் கியர். ஹேண்ட் பிரேக் இறங்கியிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் இங்கதான் போனாரு. இதே ஸ்டார்ட்டர மாட்டும்போது. வண்டி கியர்ல இருந்தது யாருக்கும் தெரியல."

"கீழ படுத்திருந்தாரா?"

"இல்ல. கீழ படுத்திருந்தது நான். மேல நின்னு ஸ்க்ரூடிரைவரால ஸ்டார்ட் பண்ணினவரு அவரு. மூணு தட்டு தட்டினது... நான்தான்."

அன்று மூத்தவர் நின்ற இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, அவள் படுத்த இடத்தில் அவர் படுத்திருக்கிறார். எனக்கு அதுவரை புரியாத ஒன்று அப்போது புரிந்தது. பொறாமை எனக்கு மட்டும் இல்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து ஸ்டார்ட்டரைக் கழற்றினான். திருப்பிப் பார்த்தவன் சட்டென்று அதைக் கீழே வைத்துவிட்டான். காயாத பெயிண்டில், அடிப்பக்கம், அழுத்தமாக ஒரு கைத்தடம் பதிந்திருந்தது. பெரிய கை. மோதிர விரல் பாதிதான் இருந்தது.

நான் பின்னால் நகர்ந்தேன். மெக்கானிக் வாசலுக்கே போய்விட்டான். என் மனைவி மட்டும் பக்கத்தில் போனாள். குனிந்தாள். அந்தத் தடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. அவள் முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இறங்கி வரும்போது இருக்கும் அதே முகம்.

காரை எடைக்குப் போட்டாயிற்று. ஸ்டார்ட்டரை மட்டும் அவள் தரவில்லை. ஷெட் அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறாள். ஞாயிறு ஆனால் இப்போதும் போகிறாள். கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

நான் சமையலறை ஜன்னல் ஓரமாக நிற்பேன். முதலில் அவள் தட்டுவது கேட்கும். டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது.

பிறகு, ஒரே ஒரு தட்டு. கனமான கை.

பிடிச்சிட்டேன், விட மாட்டேன்.