ஊர்ப் பெயர் சொல்லாமல் கேட்ட கேள்வி

முதலில் சரிந்தது இடது கண் இமை. பின்னேர வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வரி இரண்டாகத் தெரிந்தது. "ரீச்சர், நித்திரை கொள்ளுறியளோ?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் ஊரான ஒட்டுசுட்டானில் கண்ணுக்குத் துளிமருந்து தந்தார்கள். வவுனியாவில் ஒரு தனியார் மருத்துவர் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யோசனை கூடிப்போச்சு" என்றார். காலையில் போனதால் இமை ஒழுங்காகத்தான் இருந்தது. நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

போர்நிறுத்தத்தால் வவுனியாவுக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. வவுனியாவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். பக்கத்தில் ஓர் இணையக் கடை. நோய்களைப் பற்றித் தமிழில் பேசும் குழுமம் ஒன்று இருப்பதாகக் கணவர் கேள்விப்பட்டு வந்தார். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. முகம் தெரியாதவர்களிடம் என்ன கதை?

நீங்களும் இப்படி ஒரு குழுமத்தில் கேட்கத் தயங்குபவரானால், நான் எழுதியதைப் பாருங்கள்: "கொழும்பிலுள்ள என் நண்பருக்கு ஒரு கண் இமை சரிகிறது. என்ன வருத்தம்?" நண்பரும் பொய், கொழும்பும் பொய். சோதனைச்சாவடிகளில் பழகிய வாய் எனக்கு. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பாதி.

வந்த பதில்களும் அதற்கேற்றவைதான். ஒருவர் வெள்ளரிக்காய் வெட்டி வைக்கச் சொன்னார். இன்னொருவர் கண்ணூறு என்றார். 'வேம்பு' என்ற புனைபெயர்க்காரர் மட்டும் திருப்பிக் கேட்டார்: காலையில் எப்படி, மாலையில் எப்படி? விழுங்கக் கஷ்டமா? வேறு மருந்து எடுக்கிறாரா? என்ன வேலை? எந்த ஊர்?

ஊரையும் வேலையையும் விசாரிப்பவர் உளவுக்காரரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? பக்கத்துக் கதிரையில் இருந்தவரும் என் திரையையே பார்ப்பதாகப் பட்டது. "மருந்து ஒன்றும் இல்லை" என்று மட்டும் எழுதிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

சில நாட்களில், அக்காவின் குசினியில் குடித்த தேநீர் மூக்கால் வந்தது. மூச்சு அடைத்தது. செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

"ஆர் வந்து பிடிச்சாலும் பிடிக்கட்டும். நீர் உள்ளதை எழுதும்" என்றார் கணவர்.

"உண்மையா வந்து பிடிச்சா?"

"உயிரோட இருந்தாத்தானே பிடிப்பாங்கள்."

எழுதினேன். நோயாளி நான்தான், ஆசிரியை, ஊர் ஒட்டுசுட்டான். காலையில் சுகம், மாலையில் இமை சரிகிறது, எழுதும் கை ஓய்கிறது, இன்று தேநீர் மூக்கால் வந்தது. இணையக் கடையிலேயே காத்திருந்தேன். வேம்பு கேட்டார்: "ஒட்டுசுட்டானா? அப்படியானால் அண்மையில் மலேரியா குளிசை போட்டீர்களா?"

போட்டிருந்தேன். அப்படியே எழுதினேன். காய்ச்சல் வரும்போல் இருந்தால் அலுமாரியில் கிடக்கும் குளோரோகுயினை (மலேரியா மாத்திரை) எடுத்து விழுங்குவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதை நாங்கள் மருந்தாக எண்ணுவதே இல்லை.

"மயஸ்தீனியாவாக இருக்கலாம் (நரம்பின் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச்சேராத நோய், வேலை செய்யச் செய்யத் தசை ஓய்ந்துபோகும்). அந்தக் குளிசை சிலருக்கு இதைக் கூட்டும். நான் உங்களைப் பார்க்கவில்லை. இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாலையில் நடப்பதையும் குளிசையையும் சொல்லுங்கள்" என்று வேம்பு எழுதினார்.

ஆஸ்பத்திரியில் பெண் மருத்துவர் ஒருவர் முழுவதையும் கேட்டார். சரிந்த இமைமேல் ஐஸ்கட்டி வைத்து எடுத்தார். இமை எழும்பியது. குளிர் பட்டால் இந்தத் தசை சற்றுத் தேறுமாம்.

"குளிசை போட்டதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை, டொக்டர்" என்றேன். அதுவும் பொய். வேம்பு கேட்டிருந்தார்.

பொய்க்குச் சொன்ன கொழும்புக்கு மெய்யாகவே போய், நோயை உறுதிசெய்துகொண்டு வந்தேன். இப்போது பிரிடோஸ்டிக்மின் (நரம்பின் செய்தி தசைக்குச் சேர உதவும் குளிசை) எடுக்கிறேன். என் பொழுது அந்தக் குளிசை தாங்கும்வரைதான். முக்கியமான கதைகளைக் காலையிலேயே கதைத்து முடித்துவிடுவேன். பின்னேரத்தில் நாக்கும் களைத்துவிடும்.

வேம்புவுக்கு நன்றி எழுதினேன். மலேரியா குளிசையைப் பற்றி அப்படிக் கேட்க எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் சொன்னது. "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. இமை கனக்கும் பின்னேரங்களில் அவரை நினைத்துக்கொள்வேன். அவருக்கும் சோதனைச்சாவடிகளில் பழகிய வாயாக இருக்கலாம். திரும்பவும் கேட்கவில்லை.