கரடிக்குட்டியின் கடைசிப் பக்கம்

மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிற பள்ளியில் ஆசிரியை வேலை என்பது பாதி நாள் ‘உஷ்’ சொல்லும் வேலைதான். என்னைப்போல் தொண்டை தேய்ந்த தோழமைகளே, கல்வராயன் மலைக்கு மாற்றலாகி வந்த பிறகு எனக்குக் கிடைத்த மருந்தைச் சொல்கிறேன்: ஒரு படக்கதைப் புத்தகம். நான் பிறக்கும் முன்பே வந்தது. வழிதவறிய கரடிக்குட்டி ஒன்று படகேறி வீடு தேடிப் போகும் கதை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்று பிள்ளைகள் சொன்ன பிறகே திருப்புவேன்.

சிரிக்கிற கரடி

முதல் பக்கத்தில் கரடிக்குட்டி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். பிள்ளைகளும் சிரிப்பார்கள் என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒரு சத்தம் இல்லை. மூன்றாம் வகுப்பு மல்லிகா மெல்ல எழுந்தாள். வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன்’ சொல்வதைத் தவிர அதுவரை வாயே திறக்காத பெண்.

“எங்க வூட்டாண்ட பலாப்பழம் துன்ன வந்த கரடி சிரிக்கல டீச்சர். இதுக்கு இன்னும் பசி எடுக்கல போல!”

படகில் என்ன இருக்கு?

அடுத்த பக்கத்தில் கடல். ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் போய் வந்த ஒருவன், “இது நம்ம கோமுகி டேமு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். டேம் என்றால் கரடி நம் மலைக்குத்தான் வருகிறது! உடனே படகில் பலாப்பழம் ஏற்றினார்கள், தேன் ஏற்றினார்கள், இருமலுக்குக் கடுக்காயும் ஏற்றினார்கள். அப்படி ஒரு கூச்சல். பக்கத்து அறையிலிருந்து தலைமை ஆசிரியர் அதட்ட வந்தார். வந்தவர் அப்படியே கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மணி அடித்ததும் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாளைக்கு எனக்குக் கள்ளக்குறிச்சியில மீட்டிங் டீச்சர். நான் வர்ற வரைக்கும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க.”

மூட்டை கட்டியாச்சு

பொங்கல் முடிந்தால் இங்கே பல வீடுகளுக்குப் பூட்டு விழும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கேரளாவுக்கு மிளகு பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். அப்படிப் போன பிள்ளைகளில் பலர் திரும்பப் பள்ளிப் பக்கம் வருவதே இல்லை. மல்லிகா வீட்டிலும் மூட்டை கட்டியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இப்போதுதானே வாய் திறந்தாள்!

மறுநாள் காலை அவள் அம்மா பள்ளி வாசலில் நின்றார். பின்னால் வீங்கிய கண்களோடு மல்லிகா. சொல்லிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“நேத்துலருந்து அழுதுகினே இருக்கா டீச்சர். கரடி வூடு போய்ச் சேராம வரமாட்டாளாம். என் தங்கச்சி வூட்டுல வுட்டுட்டுப் போறேன். நாங்க திரும்பி வர்ற வரைக்கும் கதைய முடிச்சுடாதீங்க, கொஞ்சம் இழுங்க!”

பாடத்தை முடிக்கவில்லை என்று திட்டு வாங்கும் ஆசிரியைகள் எத்தனையோ பேர் உண்டு. முடிந்துவிடக் கூடாதே என்று கரடிக்குட்டியை நடுக்கடலிலேயே நிறுத்தி வைத்துத் துடுப்புப் போடச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.